சாய்ந்து நின்ற சுவரும் பூட்டிக் கிடக்கும் வக்ஃபும்



வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதுகிற கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு பழைய சுவர் வருகிறது. ஹழ்ரத் மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் பசியோடு ஓர் ஊருக்குள் வந்து உணவு கேட்கிறார்கள். ஊரார் விருந்தளிக்க மறுத்துவிடுகிறார்கள். அங்கே ஒரு சுவர் விழுந்துவிடும் நிலையில் நிற்கிறது. ஹிள்ர் (அலை) அதை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். சோறு போடாத ஊருக்கு இலவசமாக வேலை செய்கிறீர்களே, கூலியாவது வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்கிறார்கள். காரணம் பிறகு சொல்லப்படுகிறது. அந்தச் சுவர் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அதன் அடியில் அவர்களுக்குரிய புதையல் இருக்கிறது. அவர்களுடைய தந்தை நல்லவராக இருந்தார். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து ஆளாகித் தங்கள் பொருளைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அல்லாஹ் நாடினான் (18:77, 82).

பொறுமைக்கும், கல்விக்காகப் பயணம் செய்வதற்கும், ஸாலிஹான தந்தையின் பரக்கத் பிள்ளைகளுக்குக் கிடைப்பதற்கும் இந்தச் சம்பவத்தை நாம் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். இன்று அந்தச் சுவரை மட்டும் கொஞ்சம் கவனிப்போம்.

அது அந்த ஊருக்குள்தான் இருந்தது. ஊர் மக்கள் தினமும் அதைக் கடந்து போயிருப்பார்கள். சாய்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது யாருடைய வேலையும் அல்ல. சொந்தக்காரர்களோ சிறுவர்கள். சுவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முஃபஸ்ஸிர்கள் சொல்கிறார்கள்: புதையல் வெளியே தெரிந்திருக்கும், மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், வளர்ந்து வந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதாவது அந்த அநாதைகளின் சொத்துக்கு அந்தச் சுவர்தான் பூட்டு, அதுதான் பத்திரம், அதுதான் காவல்.

நம்முடைய வக்ஃப் கட்டிடங்களின் கதையும் இதுதான்.

பழைய ஊர்களில் பள்ளிவாசல் தெருவைச் சுற்றி நடந்து பாருங்கள். பயணிகள் தங்குவதற்காக ஒரு முஸாஃபிர்கானா இருக்கும். பிள்ளைகள் குர்ஆன் ஓதிய பழைய மதரஸா இருக்கும். பத்திரிகை படிக்க ஒரு வாசகசாலையோ சங்கக் கட்டிடமோ இருக்கும். கதவில் பூட்டுத் தொங்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். திண்ணையில் யாரோ சாமான் போட்டு வைத்திருப்பார்கள். முகப்பில் கட்டியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பொறித்த கல் இருக்கும், அதன்மேல் மூன்று தேர்தலின் சுவரொட்டிகள் ஒட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள்.

ஒரு மழைக்காலத்தில் கூரை இறங்குகிறது. அதோடு அது கட்டிடம் என்ற கணக்கில் இல்லை, காலிமனை ஆகிவிடுகிறது. காலிமனைக்கு உரிமை கொண்டாட ஆள் வருவதற்கு அதிக நாள் ஆகாது. அந்நியர்கள் வக்ஃபைப் பறிக்கிறார்கள் என்று நாம் பேசுவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னால் சுவர் விழுந்தது. அதை விழவிட்டவர்கள் அந்தத் தெருவில் வாழ்ந்த நாம்.

இடிபாட்டில் எழுந்த பள்ளி

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவுக்கு வந்ததும் பள்ளிவாசலுக்கு இடம் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடம் எப்படி இருந்தது என்பதை ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இணைவைப்பாளர்களின் பழைய கப்றுகள், இடிந்த கட்டிடங்களின் மிச்சங்கள், சில பேரீச்ச மரங்கள். கப்றுகள் அகற்றப்பட்டன. இடிபாடுகள் சமப்படுத்தப்பட்டன. மரங்கள் வெட்டப்பட்டுப் பள்ளியின் கிப்லா பக்கம் வரிசையாக நிறுத்தப்பட்டன. இருந்த பொருளையே பயன்படுத்தியிருக்கிறார்கள், கவனியுங்கள்.

இன்னோர் அறிவிப்பில், அந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது என்று வருகிறது. அங்கேயும் இரண்டு அநாதைகள்! சிறுவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும் நபியவர்கள் ஏற்காமல் விலைக்கே வாங்கினார்கள். நல்ல காரியம்தானே என்று யாருடைய உரிமையையும் தாண்டிப் போகவில்லை. பொதுக்கட்டிடம் எழுப்பும்போது பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு முழம் இடத்தைச் சேர்த்துச் சுவர் எடுக்கிறவர்கள் இந்த ஹதீஸை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அப்படிக் கட்டப்பட்ட அந்தப் பள்ளியில் ஐந்து வேளைத் தொழுகை மட்டுமா நடந்தது? வீடில்லாத ஸஹாபாக்கள் திண்ணையில் தங்கிக் கல்வி கற்றார்கள். அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு உள்ளேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அபிசீனியர்கள் பெருநாளன்று ஈட்டி விளையாட்டு விளையாடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களின் மறைவில் நின்று அதைப் பார்த்தார்கள். முஸ்லிமாகாத ஸுமாமா பின் உஸால் அந்தப் பள்ளியின் தூணில்தான் கட்டப்பட்டிருந்தார். நடப்பதையெல்லாம் மூன்று நாள் பார்த்தார், விடுவிக்கப்பட்டதும் தானாகவே குளித்துவிட்டு வந்து கலிமா சொன்னார்.

இன்று சமுதாயக் கூடம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது மஸ்ஜிதுந் நபவியின் நிழலில் பிறந்தது. நம் முன்னோர்கள் பள்ளியைச் சுற்றி முஸாஃபிர்கானாவும் மதரஸாவும் கட்டி வைத்ததும் அதைப் பார்த்துத்தான்.

முதல் செலவு எது?

கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று ஹழ்ரத் உமர் (ரலி) ஆலோசனை கேட்டபோது, அசலை நிறுத்தி வைத்து அதன் பலனை தர்மம் செய்யும்படி நபியவர்கள் வழிகாட்டினார்கள். அதை விற்கக்கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, வாரிசுகள் பங்கிடக்கூடாது. வக்ஃப் சட்டத்தின் வேர் இந்த ஹதீஸ். அசல் நின்றால்தான் பலன் வரும். ஆகவே ஃபுகஹாக்கள் ஒரு விதி சொன்னார்கள்: வக்ஃபின் வருமானத்தில் முதல் செலவு அதன் பராமரிப்புக்குத்தான், வக்ஃப் செய்தவர் அப்படி எழுதி வைக்காவிட்டாலும் சரி. ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா போன்ற நூல்களில் இது தெளிவாகவே இருக்கிறது.

நம்மூர் நிர்வாகங்களின் வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள். மீலாது மேடைக்கு இருக்கும். நோன்புக்கஞ்சிக்கு இருக்கும். சீரியல் விளக்குக்கு இருக்கும். பழைய கட்டிடத்தின் ஓட்டை மாற்ற இருக்காது. கஞ்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. கஞ்சி கொடுக்க முடிவதே ஏதோ ஒரு வக்ஃப் கட்டிடத்தின் வாடகையால்தான் என்பதை மறந்துவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அதே ஹிதாயாவில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. முதவல்லி வக்ஃப் பணத்தைக் கட்டிடத்தின் உறுதிக்காகச் செலவிடலாம், அலங்கார வேலைப்பாட்டுக்காகச் செலவிட்டால் தன் கையிலிருந்து அதை ஈடுகட்ட வேண்டும். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பித்தபோது, மக்களை மழையிலிருந்து காப்பாற்றுவதே நோக்கமாக இருக்கட்டும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களுடைய கவனத்தைக் கெடுத்துவிடாதே என்ற கருத்தில் கட்டுபவருக்கு உத்தரவிட்டதாக புகாரியில் வருகிறது. பின்னால் ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் கொண்டு அதே பள்ளியைக் கட்டினார்கள். சிலர் விமர்சித்தார்கள், அவர்கள் பதிலும் சொன்னார்கள். காலத்துக்கேற்ற உறுதியான பொருளைப் பயன்படுத்துவது வேறு, பகட்டு வேறு. இரண்டு கலீஃபாக்களின் செயலையும் சேர்த்துப் பார்த்தால் இது புரியும்.

தெலுக் ஆயர் தெருவில்

நம்மவர்கள் கட்டிய ஒரு கட்டிடத்தின் வரலாற்றைப் பார்ப்போம். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு என்று ஒரு பழைய தெரு. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு முன் அதுதான் கடற்கரை. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் பகுதிகளிலிருந்து கப்பலேறிய சூலியா முஸ்லிம்கள் அங்கேதான் இறங்கினார்கள். 1820-களின் இறுதியில், 1828-க்கும் 1830-க்கும் இடையில், நாகூர் ஷாஹுல் ஹமீது பாதுஷா நாயகம் அவர்களின் நினைவாக அந்தத் தெருவில் ஒரு கட்டிடம் எழுப்பினார்கள். அதற்குள் கப்று எதுவும் இல்லை, நினைவுக் கட்டிடம் மட்டுமே. கொஞ்சம் தள்ளி அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது. முதலில் குடிசையாக இருந்ததால் இன்றும் அதற்குக் குச்சுப்பள்ளி என்று பெயர். இடையில் சீனர்களின் கோயில். அவர்களும் கடல் கடந்து வந்து கரை இறங்கியவர்கள்தாம்.

கட்டிடத்தின் முகப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே ஐரோப்பியப் பாணித் தூண்களும் வளைவுகளும், மேலே அடுக்கடுக்காகச் சிறிய மினாராக்கள். நாகூரை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்தத் துறைமுகத்தில் கிடைத்த கொத்தனாரைக் கொண்டு கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

காலம் மாறியது. கடல் தள்ளிப் போனது. குடியிருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு நகர்ந்தார்கள். கட்டிடம் பலவீனமானது. 1974-ல் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அறிவிப்பு மட்டும் சுவரை நிமிர்த்திவிடாது அல்லவா? அது நெடுங்காலம் பூட்டியே கிடந்தது. 2007-ல் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. 2011 மே மாதம் அது இந்திய முஸ்லிம்களின் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. இன்று உள்ளே போனால், வந்து குடியேறியவர்களின் படங்கள், அவர்கள் பயன்படுத்திய பொருட்கள், அவர்கள் செய்த தொழில்களின் விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். பிற சமயத்தவர்கள் வருகிறார்கள்.

தர்ஹா தொடர்பான கருத்து வேறுபாடுகளுக்குள் இன்று நான் போகவில்லை, அதற்கு வேறு இடம் இருக்கிறது. நான் காட்ட வருவது ஒன்றே ஒன்று. கட்டியவர்கள் கப்பல்காரர்களும் வியாபாரிகளும். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் ஒன்றுகூடவும், தாங்கள் யார் என்பதை மறந்துவிடாமலிருக்கவும் அந்த இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இன்று கப்பலில் யாரும் வந்து இறங்குவதில்லை. ஆனால் நான்காம் தலைமுறைப் பேரனுக்குத் தன் பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்று தெரிய வேண்டிய தேவை முன்பைவிட அதிகமாக இருக்கிறது. கட்டிடம் அதே கட்டிடம், தேவையின் வடிவம்தான் மாறியது. சுவர் நின்றதால்தான் பேரன் வளர்ந்து வந்து புதையலை எடுக்க முடிந்தது.

அதே சிங்கப்பூரில் வேறொரு வழியும் கையாளப்பட்டது. பென்கூலன் தெருப் பள்ளிவாசல் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த நம்மவர்கள் தொழும் பள்ளி. பழைய பள்ளி இருந்த வக்ஃப் நிலத்தில் புதிய பள்ளியும், கூடவே 103 வாடகைக் குடியிருப்புகள் கொண்ட அடுக்குமாடியும் கட்டப்பட்டன. வட்டிக் கடன் வாங்காமல் 3.5 கோடி சிங்கப்பூர் டாலருக்கு ஸுகூக் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். அங்கே பழைய சுவர் நிற்கவில்லை, ஆனால் வக்ஃபின் வருமானம் பெருகியது.

இரண்டில் எது சரி? என் கருத்தில், கட்டிடமே ஒரு செய்தியாக இருந்தால் அதை நிறுத்தி வைக்க வேண்டும். நிலத்தின் வருமானம்தான் வக்ஃபின் நோக்கம் என்றால் ஷரீஅத்தின் எல்லைக்குள் அதை வளர்க்க வேண்டும். வக்ஃப் செய்தவர் போட்ட நிபந்தனைக்கு ஃபுகஹாக்கள் மிக உயர்ந்த இடம் கொடுத்திருக்கிறார்கள். முஸாஃபிர்கானாவாக எழுதி வைத்ததைக் கடைவரிசையாக மாற்றுவதற்கு நிர்வாகக் குழுவின் கைதூக்கல் மட்டும் போதாது. கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இந்த விஷயம் இன்னும் கடுமை. ஆலிம்களிடம் பத்திரத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். சொல்லிக் கேட்காமல், காட்டிக் கேட்க வேண்டும்.

இடிக்கலாமா என்று சண்டை வரும்போது

பழைய கட்டிடத்தைத் தொட்டாலே ஊர் இரண்டாகும். பெரியவர்கள் ஒரு பக்கம், வாலிபர்கள் ஒரு பக்கம். கஅபா விஷயத்தில் நபியவர்கள் நடந்துகொண்ட முறையை இங்கே நினைக்க வேண்டும். குறைஷிகள் கஅபாவைக் கட்டியபோது இப்ராஹீம் (அலை) அவர்கள் போட்ட அஸ்திவாரத்தைச் சுருக்கிவிட்டார்கள். அதைப் பழைய அளவில் திருப்பிக் கட்டும் விருப்பம் நபியவர்களுக்கு இருந்தது. ஆனால் சமுதாயம் இப்போதுதான் அறியாமையிலிருந்து வெளியே வந்திருக்கிறது, அவர்களுடைய உள்ளம் ஏற்காது என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லி அப்படியே விட்டுவிட்டார்கள். திட்டம் சரியானதுதான், சொல்பவர் அல்லாஹ்வின் தூதர்தான். அப்படியிருந்தும் மக்களின் மனநிலை பார்க்கப்பட்டது.

பிறகு இப்னு ஸுபைர் (ரலி) அந்த அளவில் கட்டினார்கள். ஹஜ்ஜாஜ் காலத்தில் அது மாற்றப்பட்டது. பின்னால் வந்த ஒரு கலீஃபா மறுபடியும் மாற்ற நினைத்தபோது இமாம் மாலிக் (ரஹ்) தடுத்தார்கள்: அல்லாஹ்வின் இல்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும் என்று அஞ்சினார்கள். நிர்வாகம் மாறும்போதெல்லாம் முந்தைய நிர்வாகம் கட்டியதை இடித்துக் கட்டுகிற ஊர்கள் நமக்குத் தெரியும். பெயர் சொல்லத் தேவையில்லை.

அதற்காக ஆபத்தான கட்டிடத்தைப் பாசத்தின் பெயரால் நிறுத்தி வைக்கவும் கூடாது. பொறியாளர் ஒருவர் பார்த்து உள்ளே மனிதர்கள் நடமாடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும், உயிர்தான் முதலில். ஆனால் பல இடங்களில் பொறியாளரை வைத்துப் பார்க்காமலேயே பழசு என்ற ஒரே குற்றத்துக்காக இடித்துவிடுகிறார்கள்.

பழைய கட்டிடத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. நம்மூர்ப் பழைய சுவர்கள் செங்கலும் சுண்ணாம்பும். கூரை, தேக்கு உத்திரங்களின்மேல் செங்கலைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்திருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், இரண்டு மழைக்குள் பூச்சு உதிரும். உடனே சுவர் கெட்டுவிட்டது என்பார்கள். கெட்டது சுவரல்ல, நாம் செய்த வைத்தியம். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் மேலோடு வெட்டிப் பயனில்லை. வேரோடு எடுத்து, வெடிப்பைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வாலிபர் ஒருவரையாவது பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொள்ள வைப்பதும் ஸதகத்துல் ஜாரியாதான்.

யாருக்காகத் திறப்பது?

புதுப்பித்த பிறகு குத்துவிளக்கு இல்லாத ஒரு திறப்பு விழா, கல்வெட்டில் நிர்வாகிகளின் பெயர்கள், மறுநாள் முதல் மறுபடியும் பூட்டு. இது நடக்கக்கூடாது என்றால், யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்பதைக் கொத்தனாரை அழைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

நம் மஹல்லாவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இரவில் படிக்க அமைதியான ஓர் இடம் இருக்கிறதா? ஒரே அறையில் தொலைக்காட்சியும் தொட்டிலும் இருக்கிற வீட்டில் அது எப்படிப் படிக்கும்? போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பெண் பிள்ளைக்கு, தெருமுனையில் நிற்கும் கூட்டத்தைக் கடக்காமல் வந்து போக ஒரு வாசல் இருக்கிறதா? மனைவியை இழந்த பெரியவர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எங்கே உட்காருவார்? பள்ளித் திண்ணையில் அவர் பேசினால் சத்தம் போடாதீர்கள் என்று விரட்டுகிறோம், தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் குறை சொல்கிறோம். பக்கத்துத் தெருவின் முஸ்லிமல்லாத சகோதரர் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள நம் கட்டிடத்துக்குள் தயக்கமில்லாமல் வர முடியுமா?

இவர்களை மனதில் வைத்துப் பார்த்தால் வரைபடம் தானாக மாறும். பெண்களுக்குத் தனி வாசலும் தனிக் கழிப்பறையும் முதல் பக்கத்துக்கு வரும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் வரும். குளிரூட்டி கடைசிக்குப் போகும். உயரமான கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் உள்ள பழைய கட்டிடத்தில் ஜன்னலைத் திறந்தாலே பாதி வெப்பம் போய்விடும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப்பிக்கும் பணிக்கென்று வசூலித்ததைத் தனிக் கணக்கில் வைத்து, மாதம் ஒருமுறை ஜும்ஆ அன்று பலகையில் எழுதிப் போடுங்கள். வாங்கிய சுண்ணாம்பு மூட்டையின் ரசீது வரைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருக்கட்டும். வக்ஃபைக் கவனிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து சாப்பிடலாம் என்று உமர் (ரலி) அவர்களே தங்கள் வக்ஃபில் அனுமதி எழுதினார்கள். ஆகவே பொறுப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பது குற்றமல்ல. கணக்கில்லாமல் எடுப்பதுதான் குற்றம்.

ஹஜ் அத்தியாயத்தின் 45-வது வசனத்தில் அழிந்துபோன ஊர்களைப் பற்றி அல்லாஹ் சொல்லும்போது, கைவிடப்பட்ட கிணறுகளையும் உயர்ந்த மாளிகைகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறான். கிணற்றில் தண்ணீர் இருக்கலாம், இறைக்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த ஜும்ஆவுக்குள் நமது மஹல்லாவில் பூட்டிக் கிடக்கும் கட்டிடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஸலாம் சொல்லி வாங்கிக் கதவைத் திறந்து பாருங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் வக்ஃப் வாரியப் பதிவேட்டில் தேடுங்கள். முகப்பில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைத் தண்ணீர் தெளித்து மெதுவாக உரித்தெடுங்கள். அடியில் ஒரு பெயர் இருக்கும்.

யா அல்லாஹ், அந்தப் பெயருக்குரியவரின் கப்றை விசாலமாக்குவாயாக! அவர் விட்டுச் சென்ற சுவரை நிமிர்த்தும் கைகளில் எங்கள் கைகளையும் சேர்த்துக்கொள்வாயாக! ஆமீன்.